பழைய டிவியை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி: பிக்சர் டியூப் வைத்த பழைய டிவி, ஓடாத மைக்ரோவேவ் அடுப்பு, கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவை எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. செம்பைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாக வாசலுக்கு வரும் காயலான் கடைக்காரர் சொல்கிறார். ஓராண்டாக பிளக்கில் செருகாதவைதானே, பாலிடெக்னிக் படிக்கும் மகனைப் பிரிக்கச் சொல்லலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் பிரிக்கலாம்; அதிலும் பவர் சப்ளையின் தகர மூடியைத் திறக்க வேண்டாம். மற்ற இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

ஓராண்டில் கண்டன்சரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) தேங்கிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிரிப்பதற்கு முன் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று யாராவது ஒருமுறை பிளக்கில் செருகினால், கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் சுமார் 325 வோல்ட்டும், கலர் பிக்சர் டியூபில் 25,000 வோல்ட் அளவிலும் மறுபடி ஏறிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது. ரப்பர் செருப்பு இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் அந்த மின்சாரம் தரைக்குப் போவதில்லை, கண்டன்சரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உங்கள் கை வழியாகவே பாயும்.

மைக்ரோவேவ் கண்டன்சருக்குள்ளேயே மின்சாரத்தை வடிக்கும் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். பெரும்பாலானவற்றில் இருக்கிறது, சில நிமிடங்களில் வடித்தும் விடும்; ஆனால் அந்த ரெசிஸ்டர் அறுந்துபோனால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது, எனவே அது இருக்கிறது என்பதை மட்டும் நம்பி இரண்டாயிரம் வோல்ட் ஏறக்கூடிய பாகத்தைத் தொடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிக்சர் டியூபின் வெற்றிடமோ எத்தனை ஆண்டானாலும் குறையாது. கழுத்திலுள்ள செம்புக் காயிலுக்காகத் தட்டினால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். அதில் ஈயமும் கலந்திருக்கிறது. இத்தனைக்கும் கிடைப்பது சில நூறு கிராம் செம்பு. அதையும் தராசில் வைத்த பிறகு, "இது செம்பு நிற வார்னிஷ் அடித்த அலுமினியம், அந்த விலை வராது" என்பார் வியாபாரி. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் அது உண்மையாகவே அலுமினியம்தான். பிரிக்கச் சொல்லும்போதே அவருக்கும் அது தெரியும். பிரித்துத் தரும் ஆபத்து உங்களுக்கு, லாபம் அவருக்கு. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்துத் தரச் சொன்னால் அவரை வாசற்படி ஏற விடாதீர்கள். ஒயர் மேலுள்ள பிவிசி பிளாஸ்டிக்கின் புகையில் டையாக்ஸின் நஞ்சு உண்டு.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மீது வைத்துள்ளன. நிறுவனம் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கினால் இணையதளத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. குடியாத்தத்தில் ஒரு டிவியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. இருந்தாலும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் உள்ளது. அதில் அருகிலுள்ளவரைத் தொலைபேசியில் கேட்டு, தெருவார் பொருள்களையும் சேர்த்து ஒரே வண்டியில், டிவி, மைக்ரோவேவ் எதையும் பிரிக்காமல் அனுப்புங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.