பஸ்ஸை விட்டவன் சபிப்பானா?

கேள்வி: ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பஸ்ஸைத் தவறவிட்டவன் எரிச்சலில் முணுமுணுக்கிறான். 'சபித்தான்' என்று எழுதினேன். படித்த தோழி சிரித்துவிட்டாள். 'சாபம்' என்ற சொல்லை எங்கேதான் பயன்படுத்துவது?

தோழி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அவன் சபித்திருந்தால் பஸ் அகலிகை மாதிரி கல்லாகியிருக்க வேண்டும்! ஆங்கிலத்தில் சாபத்துக்கும் வசவுக்கும் 'curse' என்ற ஒரே சொல் போதும். தமிழில் சாபம் வேறு, வசவு வேறு. வசவு அந்த நேரத்துக் கோபத்தோடு முடிந்துவிடும். சாபமோ இனிமேல் ஒருவருக்குக் கேடு வரட்டும் என்பது. பலிக்கும் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு.

சிலப்பதிகாரத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தவன். சங்கமனின் மனைவி நீலி, எங்களுக்கு இந்தத் துயரம் செய்தவர்களும் இதையே படட்டும் என்று சொல்லி மலையிலிருந்து விழுகிறாள். அதைக் கண்ணகியிடம் சொல்லும் மதுராபதித் தெய்வம் 'இட்ட வழுவில் சாபம்' என்கிறது. அதாவது தவறாமல் பலிக்கும் சாபம். நாம் இன்றும் 'சாபமிட்டாள்' என்று எழுதுவது அந்த வழக்குத்தான். ஆனால் கண்ணகி மதுரையை எரித்ததைச் 'சாபம்' என்பது அவ்வளவு பொருத்தமில்லை. அது வரும் காதையின், அதாவது அத்தியாயத்தின், பெயரே வஞ்சின மாலை. நானே செய்து முடிப்பேன் என்பது வஞ்சினம். உனக்கு நடக்கட்டும் என்பது சாபம்.

சாபத்தை இடலாம், கொடுக்கலாம், பேச்சில் 'விடுவோம்'. அது பலிக்கும், விமோசனமும் கிடைக்கும். 'குடி இந்த ஊரின் சாபக்கேடு' என்னும்போது மட்டும் சபித்தவர் யாரும் தேவையில்லை.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். 'வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டான்' போதும். கதை மதுரை, நெல்லைப் பேச்சில் போனால் 'வைதான்', ஈழத்துப் பேச்சில் 'ஏசினான்'. ஆபாசமாகப் பேசினான் என்றால் இங்கே 'கெட்ட வார்த்தை', யாழ்ப்பாணத்தில் 'தூஷணம்'. நானாக இருந்தால் வினைச்சொல்லையே விட்டுவிட்டு, "சனியன் புடிச்ச பஸ்!" என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன்.

அவன் டிரைவரைப் பார்த்து, "நீ உருப்படவே மாட்டே!" என்று கத்தினால், அப்போது 'சாபம் விட்டான்' என்று தாராளமாக எழுதுங்கள்.