பெருந்தொற்றுக் காலத்தில் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுவதால் யாருக்கு என்ன கேடு?

நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தானே பரவுகிறது, நடுநீரில் தன்னந்தனியாகப் படகு ஓட்டுபவரால் யாருக்கு என்ன கேடு என்று கேட்டிருக்கிறீர்கள். 2020இல் விமானங்கள் நின்றுபோனபோது, தொண்ணூறு வயதை நெருங்கிய தந்தையைப் பார்க்கப் போர்ச்சுகலின் போர்ட்டோ சாண்டோ தீவிலிருந்து 29 அடிப் படகில் தனியாளாகப் புறப்பட்டு, 85 நாள் பயணத்தில் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவை அடைந்த ஹுவான் மானுவல் பாலெஸ்டெரோவையும் சான்று காட்டியிருக்கிறீர்கள். அதே ஆண்டு ஜூலையில் இதே வாதத்தை என் மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் நானும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இறங்கினேன் என்பதால், இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு.

என்னுடையது லேசர் வகைப் படகு. ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளம், ஒரே பாய், ஒருவர் மட்டுமே ஓட்டுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் வகையும்கூட. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்துக்குள் பாய்மரம் பழகியவன், பழைய படகொன்றை விலைக்கு வாங்கி, 2020 பொங்கலுக்கு ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிச் சேலம் மாவட்டத்துக் கொளத்தூர்ப் பக்கம் மாமா வீட்டுத் தொழுவத்தில் கொண்டுவந்து போட்டேன். பிறகு ஊரடங்கு வந்தது. ஜூன் 19 முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், பயண அனுமதியான இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று கதவில் ஒட்டிய தாளுக்குப் பின்னால் பதினான்கு நாள் கழிந்தது. ஜன்னல் வழியே தெரிந்த பாலமலையையும் தொழுவத்தில் கிடந்த படகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பதினைந்தாம் நாள் பொறுமை மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறித்த நாளிலேயே குறுவைக்காக அணை திறக்கப்பட்டிருந்தது. அதனால் நீர் நாளுக்கு நாள் இறங்கியது. நேற்று கரையாக இருந்த இடம் இன்று வெடித்த சேறாகக் கிடந்தது. படகின் உடல் மட்டுமே அறுபது கிலோவுக்கு ஓரிரு கிலோதான் குறைவு. அதைச் சேற்றில் தூக்கிச் செல்ல மீனவர் வீட்டுப் பையன்கள் இருவர் வந்தார்கள். தனியாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டவன், கரையிலேயே இருவருடைய மூச்சுக்காற்றை வாங்கித்தான் கிளம்பினேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அனுமதியும் நான் மீனவர்களிடம் வாய்வார்த்தையாகத்தான் கேட்டேன். அணையைப் பராமரிக்கும் துறையிடம் கேட்கவில்லை. அது என் தவறு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

நான் இறங்கிய பண்ணவாடிப் பகுதியை நீங்கள் படத்தில் பார்த்திருக்கக்கூடும். நீர் நன்றாகக் குறைந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் இடம் அது. அங்கே கரை மேற்கில் இருக்கிறது. அதற்கும் மேற்கே பாலமலை. ஆடிக் காற்று மலையைத் தாண்டி வரும்போது கரையோரம் சும்மா இருப்பதுபோல் தோன்றும். தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். முந்நூறு, நானூறு மீட்டர் போனதும் மலையின் மறைப்பு விலகி, காற்று இறங்கி அடிக்கும். பரிசல்காரர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். காலையில் போட்ட வலையை எடுத்துக்கொண்டு வெயில் ஏறுமுன் கரை திரும்பிவிடுவார்கள். "மாப்ளே, போறதுக்குக் காத்து உதவும், வர்றதுக்கு உதவாது" என்று மாமா சொன்னார். பாய்மரப் படகு பரிசல் போன்றதன்று, படகின் நடுவே நீருக்குள் நீளும் நடுப்பலகையை இறக்கினால் எதிர்க்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறும் என்று அவருக்கு நான் பாடம் நடத்தினேன். சொன்னது சரிதான். படகு ஒழுங்காக இருந்தால்.

நடு நீரில் போனபோது படகு சோம்பலாகத் திரும்புவதை உணர்ந்தேன். பாயை இழுத்தால் வேகம் எடுக்கவில்லை, சாய்ந்தால் நிமிரவில்லை. லேசர் படகின் பின்பக்கத்தில், உள்ளே கசிந்த நீரை வடிக்க ஒரு சிறு துளை உண்டு. கட்டைவிரல் அளவுத் தக்கை ஒன்றால் அதை அடைக்க வேண்டும். முந்தைய நாள் உலர்வதற்காகக் கழற்றிய அந்தத் தக்கையைத் தொழுவத்து ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த காற்றடியில் படகு கவிழ்ந்து, பாய்மரம் நேர் கீழாகப் போயிற்று. நடுப்பலகையின் மேல் ஏறி நின்று இருமுறை நிமிர்த்தினேன். உள்ளே புகுந்த நீர் ஒரு பக்கமாக ஓடி இருமுறையும் கவிழ்த்துவிட்டது. மூன்றாம் முறைக்குக் கையில் வலுவில்லை. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மூழ்கவில்லை. படகைப் பிடித்துக்கொண்டு கிழக்கே மிதந்தேன். கிழக்குக் கரை நாகமரை. அது தருமபுரி மாவட்டம். ஜூன் 25 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கட்டாயம் என்பது அந்த நிலையிலும் நினைவுக்கு வந்து சிரிப்பு மூட்டியது.

ஒரு பரிசல் வந்தது. அறுபது வயதைக் கடந்த பெரியவர், வாயைச் சுற்றித் துண்டு. பத்தடி தள்ளியே பரிசலை நிறுத்தி, "எந்த ஊருப்பா? மெட்ராசுல இருந்து வந்தவனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்; பதினான்கு நாள் முடிந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடுப்பை நீட்டினார். அதன் நுனியைப் பற்றி, இருமிக்கொண்டே பரிசலில் ஏறி, அவருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தேன். பரிசலில் அதற்கு மேல் தள்ளி உட்கார இடம் கிடையாது. நான் பிடித்திருந்த துடுப்பு நுனியை அவர் மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத்தான் வலிக்கத் தொடங்கினார்.

ஆகவே என் பதில்: ஓட்டும்போது கேடில்லை, ஏதாவது ஆனால், உங்களைக் காப்பாற்ற வருபவர் ஆறடி இடைவெளியைக் கைவிட்டாக வேண்டும். அவரைக் கேட்டுக்கொண்டு நீங்கள் இறங்கவில்லை. பாலெஸ்டெரோவுக்கும் வழியில் கேப் வெர்டே தன் துறைமுகத்துக்குள் இடம் தர மறுத்தது. அந்த நாட்டை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு அக்கரையில் தந்தை இருந்தார். எனக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

மாமா மாலையில் வந்து என்னை மட்டும் அழைத்துப்போனார். படகு நாகமரைக் கரையிலேயே கிடந்தது. செப்டம்பர் 1 அன்று இ-பாஸ் விலக்கப்பட்ட பிறகு வண்டி பிடித்து எடுக்கப் போனேன். கவிழ்த்துப் போட்ட படகின் முதுகில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் வலையைச் சுருட்டி எடுத்துவிட்டுப் படகின் பின்பக்கத்தைக் காட்டினார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய தக்கை ஒன்று, அந்தத் துளையில் சரியாகப் பொருந்தியிருந்தது.