கணக்கு அவ்வளவாக வராத எம்.எஸ்சி. தாவரவியல் மாணவி நான். புராஜெக்ட்டுக்கு முன் புள்ளியியலை எங்கிருந்து தொடங்குவது, எந்த சாஃப்ட்வேர் கற்பது?

சாஃப்ட்வேரை இப்போதைக்கு விடுங்கள். குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட், அனோவா எல்லாம் அப்புறம். முதலில் சோதனையை எப்படி அமைப்பது என்று பழகுங்கள்.

மாணவர் புராஜெக்ட்களைப் பார்க்கிற வேலை எனக்கு. எக்செல் ஷீட்டோடு வந்து "எந்த டெஸ்ட் போடணும் சார்?" என்று கேட்பவர்களில் பலருக்கு எந்த டெஸ்ட்டும் உதவாது. புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம்.

அப்படிச் சாவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் ஒன்றுதான். மண்புழு உரம் போட்டால் பச்சைப்பயறு நன்றாக வளருமா என்று பார்க்க வேண்டும். ஒரு ட்ரேயில் உரம் கலந்த மண், இன்னொன்றில் வெறும் மண். ட்ரேக்கு 30 செடி. உயரத்தை அளந்து, சாம்பிள் அளவு 30 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் உரம் போட்டது ட்ரேக்கு, தனித்தனிச் செடிக்கு இல்லை. அதனால் சாம்பிள் அளவு 1. உர ட்ரே ஜன்னலோரம் இருந்திருந்தால், செடி வளர்ந்தது உரத்தாலா வெயிலாலா? சொல்ல வழியே இல்லை. இதற்கு சூடோரெப்ளிகேஷன் என்று பெயர். ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இல் 176 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை போட்டிருந்தவற்றில் 48 விழுக்காட்டில் இந்தக் கோளாறு இருந்தது. அச்சில் வந்த கட்டுரைகளின் கதியே அது!

சரி, எப்படிச் செய்வது? பத்துத் தொட்டிக்கு உரம், பத்துக்கு வெறும் மண். எதற்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தொட்டிக்கு மூன்று செடி வைத்தால், அந்த மூன்றின் சராசரிதான் ஒரு எண். ஒரு பக்கம் சுவர் நிழல் விழுந்தால், நிழலில் ஐந்தும் ஐந்தும், வெயிலில் ஐந்தும் ஐந்தும் வருமாறு பிரித்து, அதற்குள் குலுக்குங்கள். வேளாண் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த பிளாக் முறை தண்ணீர் பட்ட பாடு. நம் துறையில்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் இப்படியொரு முடிவோ இதைவிடத் தூக்கலான முடிவோ தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி வேல்யூ. அது புரிய ஹாஸ்டலில் ஒன்று செய்து பாருங்கள். டிகாஷன் முதலில் ஊற்றினார்களா, பால் முதலிலா என்று குடித்தே சொல்வேன் என்று ஒருத்தி சவால் விடட்டும். எட்டு டம்ளர், வகைக்கு நான்கு, வரிசை குலுக்கல்படி. நான்கு நான்காகப் பிரிக்க 70 வழி உண்டு. வெறும் ஊகத்தில் எல்லாமே சரியாக அமைய வாய்ப்பு 70இல் 1. வகைக்கு ஒன்று தவறினாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால் அது 70இல் 17 ஆகிவிடும். அப்புறம் அவள் ஜெயித்ததற்கு அர்த்தமே இல்லை. ஆறு டம்ளர் மட்டும் வைத்தால், ஊகத்திலேயே எல்லாம் சரியாக அமைய வாய்ப்பு 20இல் 1 ஆகிவிடும். ஃபிஷர் தேநீரை வைத்துச் சொன்ன கணக்கு இது. ப்ளஸ் டூ கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

இதற்குப் பிறகு ஆர் (R) என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம். ஒரே தொகுதியிலிருந்து இரண்டு குழு எடுத்து டி டெஸ்ட் போடுவதை ஆயிரம் தடவை ஓடவிடுங்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் ஏறக்குறைய 50 தடவை பி வேல்யூ, வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வரும்.

புராஜெக்ட்டுக்கு முன் எண்கள் இல்லாத காலி அட்டவணை ஒன்று போட்டு கைடிடம் காட்டுங்கள். அதைப் பார்த்து எந்த டெஸ்ட் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், விதையை ஊறப்போடாதீர்கள்.