யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் பிக்கிள்போல்: பன்னிரண்டு பேர் வருவதென்றால் எப்படித் திட்டமிடலாம்?

ரொறன்ரோவிலிருந்து பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஒரு வாரம் இங்கே தங்கி விளையாட ஆசைப்படுகிறோம், முதலில் எந்த ஹோட்டலைப் பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோட்டல் இருக்கட்டும். முதலில் மாதம், அடுத்தது கோர்ட், அதற்குப் பிறகுதான் அறை. நான் யாழ்ப்பாணத்தில் இருப்பவன், பட்மின்டனில் இருந்து பிக்கிள்போலுக்கு, அதாவது துளை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலால் அடிக்கும் இந்த விளையாட்டுக்கு வந்தவன். இந்த ஊர் வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் இரண்டாம் நாளே குழம்பிவிடும்.

மாதம் என்றால் ஜனவரிக் கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் வெக்கை தாங்காது, குளிர்நாட்டில் இருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதற்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும். துளை போட்ட அந்தப் பிளாஸ்டிக் பந்தை வெளியிடத்தில் அடித்தால் அது காற்றோடுதான் போகும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்காகவே வருவதென்றால் கட்டாயம் வாருங்கள், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனமும் விடமாட்டார்கள். விளையாட்டுப் பயணத்தை அதோடு சேர்க்காதீர்கள்.

கோர்ட் விஷயத்துக்கு வருவோம். பிக்கிள்போலுக்கென்றே கட்டிய கோர்ட்டைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம், பட்மின்டன் உள்ளரங்கு ஒன்று கிடைத்தால் போதும். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பழைய பட்மின்டன் கோர்ட்டில்தான். அதனால் இரட்டையர் பட்மின்டன் கோர்ட்டின் அளவும் இதன் அளவும் ஒன்று: 44 அடி நீளம், 20 அடி அகலம். வெளிக்கோடுகளையும் நடுக்கோட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒட்ட வேண்டியது வலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு மட்டும். பட்மின்டனில் முன் சேர்விஸ் கோடு வலையில் இருந்து ஆறரை அடி, நமது கிச்சன் கோடு, அதாவது வலையருகே பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாத பகுதியின் எல்லை, 7 அடி. ஆகவே ஏற்கெனவே இருக்கும் கோட்டுக்கு அரையடி பின்னால் டேப் ஒட்டினால் வேலை முடிந்தது. பசை மிஞ்சாத பேப்பர் டேப்பாகப் பாருங்கள். தரையில் பசை படிந்தால் அடுத்த நாள் மண்டபத்தைத் தரமாட்டார்கள், அது நியாயமும்கூட.

வலையை நீங்களே கொண்டுவாருங்கள், மடித்துப் பையில் போடும் வகையில் இரண்டு. வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் நிற்க வேண்டும். அவசரத்துக்குப் பட்மின்டன் வலையையே இறக்கிக் கட்டலாம், ஆனால் அடியில் நாலைந்து அங்குலம் இடைவெளி விழும், பந்து அதற்குள்ளால் ஓடிவிடும். உள்ளரங்குக்கு 26 துளைப் பந்து, வெளியே விளையாடுவதென்றால் 40 துளைப் பந்து, இரண்டிலும் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வையுங்கள்.

பன்னிரண்டு பேருக்கு மூன்று கோர்ட் தேடவே வேண்டாம், இரண்டு போதும். எட்டுப் பேர் விளையாட நான்கு பேர் இருந்து தண்ணீர் குடிக்கட்டும். ரொறன்ரோவில் இது நேர விரயமாகத் தெரியும், இங்கே இதுதான் உங்களை வாரம் முழுக்க நிற்க வைக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள், மாலை ஐந்தில் இருந்து ஏழரை வரை விளையாடுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு ஒன்றும் போடாதீர்கள். மண்டபம் என்றால் நிழல்தானே என்று நினைப்பீர்கள். தகரக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், பிறகு அந்தக் கேள்வியே வராது.

வெளியே சீமெந்துத் தரையில் விளையாடும் நாள் இருந்தால், முதல் ஆளாகப் போகிறவர் தும்புத்தடியால் தரையைக் கூட்ட வேண்டும். செம்மண் தூசி மெல்லிய படையாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்தால் வழுக்கும். உங்கள் வயதில் நான் மிகவும் பயப்படுவது தலைக்கு மேலால் போகும் பந்துக்காகப் பின்னோக்கி ஓடி விழுவதற்குத்தான். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். திரும்பி ஓடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி, பயணக் காப்புறுதியில் விளையாட்டுக் காயம் அடங்குமா என்றும் பார்த்து வையுங்கள்.

குடிக்கப் போத்தல் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உவர். விளையாடி முடிந்ததும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் அல்லது இளநீர், நன்றாகக் களைத்தால் பாமசியில் ஜீவனி என்ற உப்புச்சத்துத் தூளை வாங்கிக் கரைத்துக் குடியுங்கள். காலைச் சாப்பாடு விளையாட்டுக்குப் பிறகுதான்: இடியப்பம், சொதி, சம்பல். ஒடியல் கூழை மாலை விளையாட்டு இல்லாத நாளுக்கு வையுங்கள். ஒரு கோப்பை உள்ளே போனால் பிறகு நித்திரைதான் வரும்.

நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகலாம், அங்கே காட்டுக் குதிரைகளும் பவளக்கல் அடுக்கிய வேலிகளும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கீரிமலை. கடலுக்கு ஒட்டிய நன்னீர்க் கேணியில் இறங்கிக் கிடந்தால் தொடை வலி தெரியாது. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு.

அறை கடைசியாக. கோர்ட் உறுதியான பிறகு அதற்குப் பத்து நிமிடத் தூரத்துக்குள் எடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, நல்லூர், டவுன் எதுவானாலும் சரி. காலை ஐந்தரைக்கு வான் வருமா, ஐந்து மணிக்குத் தேநீர் கிடைக்குமா என்று விடுதியில் கேட்டுவிட்டு முற்பணம் கட்டுங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஒரு மாலையாவது உங்களுக்குள்ளேயே விளையாடாமல் அந்த மண்டபத்துக்கு வரும் பட்மின்டன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கைப்பழக்கம் இருப்பதால் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள், உங்களில் நன்றாக விளையாடுகிறவருக்கும் வேலை வைப்பார்கள். நான்கு மட்டை கூடுதலாகக் கொண்டுவந்தால், போகும்போது வலையோடு சேர்த்து அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகலாம்.