மீட்டர் மினுக்குகிறதா? எண்ணிப் பாருங்கள்! – வீட்டுச் செலவு கேள்வி பதில்

கேள்வி: தேவையில்லாமல் விளக்கோ மின்விசிறியோ ஓடவிடுவதில்லை. ஆனாலும் கரண்ட் பில் குறைந்தபாடில்லை. எதில் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஊகிக்க வேண்டாம், மீட்டரையே கேளுங்கள். வெளியூர் கிளம்பும்போது எப்படி அணைப்பீர்களோ, அப்படியே எல்லாவற்றையும் அணையுங்கள். டிவியை ரிமோட்டில்தான் அணைப்பது வழக்கம் என்றால் இப்போதும் ரிமோட்டிலேயே அணையுங்கள். ஃப்ரிட்ஜ் பிளக்கை மட்டும் கால் மணி நேரம் கழற்றி வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்ற எண் (3200 என்பதுபோல) மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

5 நிமிடத்தில் 10 முறை மினுக்கினால், ஒரு மணி நேரத்தில் 120 முறை. அதை 3200-ஆல் வகுத்தால் 0.0375 யூனிட். அதாவது, எதுவுமே ஓடாத வீட்டில் 37.5 வாட் போய்க்கொண்டிருக்கிறது. 30 நாளில் 27 யூனிட்! இனி பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் மினுக்கல் சட்டென்று குறைகிறதோ, அதுதான் ஆள். டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால், ஒரு விரலில் வேலை முடிந்தது.

மினுக்கலே இல்லையா? அப்படியென்றால் கீசரைக் கவனியுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும். சுவிட்சை அணைக்காமல் விட்டால், தொட்டி ஆற ஆற தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். யாரும் குளிக்காத நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கதவைச் சுற்றியுள்ள ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளிலும், இப்படிப் பாருங்கள். பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது. மடிப்புக்குள் அழுக்குதான் சேர்ந்திருக்கும். வெந்நீரில் துளி சோப்பு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

பிறகு உள் வெப்பநிலை. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 3 முதல் 4 டிகிரி காட்டினால் போதும், ஃப்ரீசருக்கு மைனஸ் 18. அதற்குக் கீழே போவதெல்லாம் வீண் மின்சாரம். ஃப்ரீசரில் பனிக்கட்டி விரல் கனத்துக்கு ஏறியிருந்தால், அணைத்துவிட்டுத் தானாக உருக விடுங்கள். தயவுசெய்து கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் வெளியேறினால், அந்த ஒரு ரிப்பேர் செலவு இதுவரை மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

கேள்வி: குழாய் எதுவும் ஒழுகவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. ஏன்?

பதில்: ஃப்ளஷ் டேங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சத்தமே இல்லாமல் கசியும். டேங்க் தண்ணீரில் 10 சொட்டு உணவு நிறமியை விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி வால்வின் ரப்பர் சரியாக உட்காரவில்லை. தண்ணீரை மூடி, டேங்கைக் காலி செய்து, ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போதும். விறைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், அளவுகள் ஒன்றுபோல இருக்காது. டேங்குக்குள் போடும் ப்ளீச்சிங் மாத்திரைகள் ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும், அவற்றைத் தவிருங்கள்.

நிறம் இறங்குவதோடு, நடுவிலுள்ள வழிகுழாய்க்குள் தண்ணீர் வழிந்துகொண்டும் இருந்தால் கோளாறு மிதவையில். நீர்மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள்.

கேள்வி: சமையல் கேஸை மிச்சப்படுத்த எளிய வழி உண்டா?

பதில்: கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. கூடுதல் தீ ஆவியாகத்தான் போகும், சமையல் வேகமாகாது. மூடி போடுங்கள், சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே வரக்கூடாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியும் கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. ஆறிய பிறகு கழற்றி, ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள்.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்குவது எப்போதும் லாபம்தானே?

பதில்: எப்போதும் இல்லை. விலையை கிராமால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். சில சமயம் சின்ன பாக்கெட்டே மலிவாக இருக்கும். கெட்டுப்போகக்கூடிய பொருளாக இருந்தால், தேதி முடிவதற்குள் தீர்த்துவிட முடியுமா என்றும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.