மின்சாரத்தால் புரதத்தை அறியும் சிப்

கேள்வி: ஒளிரும் சாயம் எதுவும் சேர்க்காமல், இரத்தத்தில் உள்ள புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தை ஒரு சிப் மின்னோட்டத்தைக் கொண்டே கண்டறிவது எப்படி?

பதில்: அந்தச் சிப்பில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் கம்பிகள் உள்ளன, அவற்றின் மேற்பரப்பில், தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் பிணைக்கப்பட்டிருக்கும். புரதம் மின்னூட்டம் கொண்டது. ஆதலால் அது வந்து ஒட்டியதும், டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் முனையில் மின்னழுத்தம் கொடுத்தது போலவே கம்பியின் கடத்துதிறன் மாறுகிறது. தடித்த கம்பியில் இம்மாற்றம் மேற்பரப்போடு நின்றுவிடும். நானோ கம்பியிலோ குறுக்குவெட்டு முழுவதையும் பாதிப்பதால், மிகச் சொற்பமான மூலக்கூறுகளும் புலப்படுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் லீபர் குழுவினர் இந்த முறையை 2001இல் வெளியிட்டனர், 2005இல் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்) உள்ளிட்ட பல குறியீடுகளை ஒரே சிப்பில், ஃபெம்டோமோலார் எனும் மிகமிகக் குறைந்த செறிவிலும் கண்டறிந்தனர்.

உண்மையான தடை இரத்தத்தின் உப்பில் இருக்கிறது. அதன் அயனிகள் சூழ்ந்து மறைப்பதால், கம்பியிலிருந்து ஒரு நானோமீட்டருக்கு அப்பாலுள்ள மின்னூட்டம் பெரும்பாலும் உணரப்படுவதில்லை. ஆன்டிபாடியோ சுமார் 10 நானோமீட்டர் நீளமுடையது. ஆகவேதான் சீரத்தின் (இரத்த அணுக்கள் நீங்கிய தெளிந்த திரவத்தின்) உப்பை முதலில் நீக்குகிறார்கள், அல்லது ஆன்டிபாடிக்குப் பதிலாகக் குட்டையான ஆப்டமர்களை (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழைகளை) பயன்படுத்துகிறார்கள். இச்சிக்கலைச் சொல்லாமல், ஒரு சொட்டு இரத்தமே போதும் என்று நம்பிக்கையூட்டுவது நோயாளிகளுக்குச் செய்யும் நியாயமன்று. தவிர, புற்றுநோயல்லாத புராஸ்டேட் வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. உயரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய இயலாது.