புது ஊருக்குக் குடிபோகிறவர்களின் கேள்விகள், என் பதில்கள்

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது இந்த மாதிரிக் கேள்விகள் குவிந்துவிடும். வேலை மாறிவிட்டது, மாற்றல் வந்துவிட்டது, ஓய்வு பெற்றாயிற்று, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? பெரும்பாலானோர் வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த ஊரை எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள் என்பதை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கெட்ட மாதம் உண்டு. அதில் ஒரு வாரம் தாங்க முடிந்தால் மீதி மாதங்கள் தானாக ஓடிவிடும்.

கேள்வி: புணேயிலிருந்து சென்னைக்கு வருகிறோம். எனக்கு மகேந்திரா சிட்டியில் வேலை, கணவருக்குக் கிண்டியில். இருவருக்கும் ஒத்துவருகிற புறநகர் எது?

தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். உங்கள் இருவர் அலுவலகமும் ஒரே மின்சார ரயில் தடத்தில் இருப்பது பெரிய வசதி. அவர் கிண்டியில் இறங்குவார், நீங்கள் பரனூரில் இறங்குவீர்கள். ஒன்று மட்டும் கவனம்: சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரை போவது குறைவு. எனவே தாம்பரத்தை விட்டுத் தெற்கே போகப் போக, இரவு தாமதமாகத் திரும்புகிறவர் நடைமேடையில் காத்திருக்க வேண்டிவரும். காலையில் உங்கள் திசையில் பொத்தேரி வரை கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும், அப்புறம் உட்கார இடம் கிடைக்கும்.

ரயிலை விடத் தண்ணீரைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறி நின்றது. இன்று அதே பக்கம் மே மாதத்தில் போனால் அகலமான தெரு, புது வீடு, மிதமான வாடகை என்று எல்லாமே நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் 2005 மே மாதத்தில் தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். அக்டோபர் மழையில் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா "வருஷா வருஷம் வர்றதுதானே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். வீட்டுக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் அந்தத் தெருவே எனக்குச் சொல்லியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் மோட்டார் தரையில் இல்லாமல் இடுப்பளவு சிமெண்ட் மேடைமேல் உட்கார்ந்திருந்தது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு வாசற்படி மட்டும் ஏழு, எட்டு. பழைய மதில்களில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு. நீங்கள் வீடு பார்க்கும்போது இந்த மூன்றையும் பாருங்கள். பக்கத்தில் எந்த ஏரி, அது நிறைந்தால் வழிகிற கலங்கல் எந்தப் பக்கம், மிஞ்சிய தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்லாததை அந்தக் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. வெளியூர்ப் பேருந்துக்கு அது வசதி. பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் அது இருக்கிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்பு. ஓசூரா, அத்திப்பள்ளியா? வாடகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியமாகிறது. ஓசூர் தமிழ்நாடு, அத்திப்பள்ளி கர்நாடகம். நடுவில் மாநில எல்லை இருக்கிறது, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அவள் ஆறாம் வகுப்பு. தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்திருந்தால் இந்த ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது. இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் நிதானமாக யோசித்துவிட்டு வீடு பாருங்கள்.

மொழியும் மாறும். கர்நாடகத்தில் 2015 சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். ஐந்து வருஷம் தமிழ் படித்த குழந்தை முதலிலிருந்து இன்னொரு எழுத்தைக் கற்க வேண்டும். குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள், எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஓசூரிலும் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும், அவள் காதில் கன்னடம் எப்படியும் விழும்.

அப்புறம் வண்டி. அத்திப்பள்ளிக்குக் குடிபோனால் உங்கள் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே அப்படியே வைத்திருக்க முடியாது. தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். ஓசூர் என்றால் முகவரி மாற்றத்தோடு முடிந்தது.

அத்திப்பள்ளிக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. கணவனோ மனைவியோ பெங்களூரின் உள்பகுதிக்குத் தினமும் போக வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் சில கிலோமீட்டர் மிச்சம். எலக்ட்ரானிக் சிட்டி மட்டும்தான் என்றால் நான் ஓசூரைத்தான் சொல்வேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூரிலிருந்து கிளம்பி அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற சாலை வேறு, திங்கட்கிழமை வேறு.

கேள்வி: பத்து மாத வாடகை முன்பணம் கேட்கிறார்கள். நியாயமா?

சென்னையில் பழைய வழக்கம் அது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது. அந்த "வேறு உடன்பாடு" என்ற சொல்லில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் உடன்பாடு. எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள். புது ஊரில் முதல் வருஷத்தில் வீடு மாறுகிறவர்கள் நிறையப் பேர், ஆகவே பெரிய தொகையை ஒரே இடத்தில் முடக்காதீர்கள். மனை வாங்குவதா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகையில் இருந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேலாளர் வேலை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. நகருக்குள் இருக்கலாமா, அவிநாசியில் இருக்கலாமா? அங்கெல்லாம் தண்ணீர் சாயத்தண்ணீர் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்ட விவசாயத்தையே கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பு கறாரானது. ஆனால் நிலத்துக்குள் இறங்கின உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆகவே கேட்க வேண்டியது ஊரை அல்ல, அந்த வீட்டின் தண்ணீரை. வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறது, தொட்டி எவ்வளவு பிடிக்கும், மீதி நாளுக்குப் போர் தண்ணீரா? வீடு பார்க்கப் போகும்போது பையில் ஒரு துணி சோப்பு வைத்துக்கொள்ளுங்கள். போர் குழாயைத் திறந்து கையில் தேயுங்கள். நுரையே வராமல் கையில் வெண்ணெய் மாதிரி ஒட்டினால் அது உப்புத் தண்ணீர். குழாய் வாயிலும் குளியலறை ஓட்டிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தரநிலை குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 2000-ஐத் தாண்டினால் எத்தனை அழகான வீடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், சின்னக் குழந்தை இருக்கிற வீடு உங்களுடையது.

அவிநாசி நொய்யலை விட்டு விலகி இருப்பதால் எனக்கு அங்கே சாய்வு அதிகம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைக் காட்டி "இனிமேல் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை" என்று மனை விற்கிறார்கள். அது பவானியின் உபரி நீரால் குளம், குட்டைகளை நிரப்புகிற திட்டம். நிலத்தடி நீர் உயரும், நல்லது. உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிற தண்ணீர் அது இல்லை.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். ஜூலையில் குற்றாலம் போனோம், சொர்க்கம். தென்காசியிலேயே தங்கிவிடலாம் என்று மனைவியும் சொல்கிறாள்.

ஐயா, சாரலில் பார்த்த ஊரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏப்ரலில் போய்ப் பத்து நாள் தங்குங்கள். அருவி வற்றிப் பாறை தெரியும், வெயில் சுடும். அப்போதும் பிடித்திருந்தால் இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். குற்றாலத்துக்குள்ளேயே வேண்டாம், சீசன் சனி ஞாயிறுகளில் பால் வாங்கக்கூட வெளியே வர முடியாது.

உங்கள் கடிதத்தில் மனைவிக்கு இதயச் சிகிச்சை நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தென்காசியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திருநெல்வேலிதான் போக வேண்டும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சாலையில் போவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அது தயக்கமாக இருக்கிறது. பாளையங்கோட்டையில் வீடு எடுத்துக்கொண்டு, சாரல் மாதங்களில் தென்காசிக்குப் போய்வருவதை யோசியுங்களேன்.

கேள்வி: கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் தனி வீடு. வாங்கலாமா?

அது யானைகள் நடமாடுகிற இடம். வாழைக்கும், வீட்டில் வைத்திருக்கிற அரிசிக்கும் அவை வரும், சுவரை இடிக்கும். இரவில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக நடக்கிறவர் வீட்டில் இருந்தால் வேண்டாம். மலைப்பகுதிப் பாதுகாப்பின்கீழ் வரும் கிராமங்களில் மனைக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி தேவை, "ஹாகா" அனுமதி என்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வடவள்ளி வரைக்கும் வந்துவிட்டால் மலையும் கண்ணுக்குத் தெரியும், பேருந்தும் இருக்கும்.

கேள்வி: திருச்சியில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கக் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்துவர வேண்டும். கோயில் பக்கமாக இருந்தால் வருவார் என்று ஸ்ரீரங்கத்தில் பார்க்கிறோம். ஆனாலும் "நான் வரலை" என்கிறார்.

கோயிலை விட அவருக்கு ஊருக்குத் திரும்புகிற வழிதான் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போக வண்டி மாற வேண்டும், எழுபது வயதில் பையோடு அது கஷ்டம். திருவெறும்பூர்ப் பக்கம் பாருங்கள். தஞ்சாவூர் சாலையிலேயே இருக்கிற ஊர், ரயில் நிலையமும் அதே தடத்தில். அவர் நினைத்த நாளில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து தங்கையோ அண்ணன் மகளோ வந்தாலும் உங்களை எதிர்பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

தரைத்தளமாக, தெருவைப் பார்த்த திண்ணையோ வராந்தாவோ இருக்கிற வீடாக எடுங்கள். கிராமத்து வீட்டை வாடகைக்கு விடும் பேச்சை இந்த வருஷம் எடுக்கவே வேண்டாம். சாவி அம்மாவிடமே இருக்கட்டும். முதலில் அறுவடை முடிந்த பிறகு பத்து நாளைக்கு மட்டும் என்று சொல்லிக் கூட்டிவாருங்கள், பத்தாவது நாள் அவர் கேட்டால் நீங்களே பஸ் ஏற்றிவிடுங்கள்.